இயேசு என்னும் பெயர் எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்கு வந்த வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பு முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில்தான் இந்தக் கேள்விகள் பெரும்பாலும் வருகின்றன. சில வருடங்களாக வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் இவற்றோடு ஒரு பயத்தையும் சேர்த்துவிட்டன. "இயேசு என்று கூப்பிடுவது தவறாமே, உண்மையா?" என்று வயதானவர்கள் கலங்கிய முகத்தோடு கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தப் பக்கம். எபிரேய, கிரேக்க ஒலிகளைத் தமிழ் எழுத்தில் இயன்றவரை நெருக்கமாகத் தந்திருக்கிறேன். வசனக் குறிப்புகளைப் பழைய மொழிபெயர்ப்பில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இயேசு என்பது எபிரேயப் பெயரா, கிரேக்கப் பெயரா?

பிறப்பால் அது எபிரேயப் பெயர். நமக்கு வந்து சேர்ந்தது கிரேக்க வழியாக. எபிரேயத்தில் யேஹோஷுவா என்பது முழு வடிவம், யேஷுவா என்பது அதன் சுருக்கம். கிரேக்கத்தில் இரண்டுக்குமே இயேசூஸ் என்ற ஒரே வடிவம்தான். அதன் இறுதி ஸ் நீங்கிய உருவமே தமிழில் இயேசு. பழைய ஏற்பாட்டில் நாம் யோசுவா என்று படிக்கிற பெயரும் இதுவேதான். இந்த ஒன்றை மனதில் பதித்துக்கொண்டால் மற்ற குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

எபிரேயத்தில் அதன் பொருள் என்ன?

முன்பாதியான யேஹோ என்பது இஸ்ரவேலின் தேவனுடைய திருப்பெயரின் சுருக்கம். யேஹோனத்தான் (யோனத்தான்), யேஹோஷாபாத் (யோசபாத்) போன்ற பெயர்களின் தலைப்பிலும் அதுவே நிற்கிறது. பின்பாதி எந்த வேரிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. "மீட்டல், இரட்சித்தல்" என்ற பொருள் தரும் வேர் என்பது ஒன்று. "உதவிக்குக் கூக்குரலிடுதல்" என்பதோடு உறவுள்ள வேர் என்பது மற்றொன்று. எதை எடுத்தாலும் "யெகோவாவே இரட்சிப்பு", "யெகோவாவே துணை" என்ற அளவில்தான் பொருள் நிற்கும். பைபிள் காலத்து மக்கள் இரட்சிப்பு என்ற வேரோடுதான் இப்பெயரைச் சேர்த்துக் கேட்டார்கள் என்பதில் ஐயமில்லை.

இந்தப் பெயர் இடப்பட்ட தருணமே வேதத்தில் இருக்கிறது. கானானை வேவுபார்க்கப் பன்னிரண்டு பேரை அனுப்பும்போது, நூனின் குமாரனாகிய ஓசேயாவுக்கு மோசே யோசுவா என்று பேரிடுகிறான் (எண்ணாகமம் 13:16). ஓசேயா என்ற பெயரில் மீட்பு மட்டும் இருந்தது. மீட்பவர் யார் என்பது இல்லை. மோசே அதன் முன்னால் திருப்பெயரைச் சேர்த்தான்.

யேஹோஷுவா எப்படி யேஷுவா ஆயிற்று?

பேச்சு வழக்கில் தேய்ந்தது. யேஹோ முதலில் யோ என்று குறுகியது. யோஷுவா என்னும்போது ஓகாரமும் உகாரமும் அடுத்தடுத்து வந்தன. இதழ் குவித்துச் சொல்லும் இரண்டு உயிர்களில் முந்தையது ஏகாரமாகத் திரிந்து யேஷுவா ஆனது. பாபிலோன் சிறையிருப்புக்குப் பிந்தைய நூல்களில் இந்தக் குறுகிய வடிவம் வெளிப்படையாகத் தெரிகிறது.

இதற்கு நல்ல சாட்சி ஒரு மனிதர். சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்து பலிபீடத்தைக் கட்டிய பிரதான ஆசாரியனை ஆகாய், சகரியா நூல்கள் யோசுவா என்கின்றன. எஸ்றாவின் புத்தகம் 3:2 அதே மனிதரை யெசுவா என்கிறது. தமிழ் பைபிளிலும் இந்த வேறுபாடு அப்படியே இருப்பதால், அவர்களை இரண்டு பேர் என்று நினைத்துக்கொண்டு படிக்கிறவர்கள் உண்டு. ஒருவரேதான். நெகேமியா 8:17-ன் எபிரேய மூலம் இன்னும் ஒரு படி மேலே போய், மோசேக்குப் பின் வந்த நூனின் குமாரனையே யேஷுவா என்று எழுதுகிறது.

யேஷுவா என்பது கிரேக்கத்தில் ஏன் இயேசூஸ் ஆனது?

எழுத்தெழுத்தாகப் பார்த்துவிடலாம். எபிரேயத்தில் யேஷுவா என்று எழுத நான்கு எழுத்துகள்: யோத், ஷீன், வாவ், அயின்.

யோத் என்பது யகர மெய். கிரேக்கத்தில் யகரத்துக்குத் தனி எழுத்து இல்லை. அதனால் இகர ஒலிக்குரிய இயோட்டாவை வைத்தார்கள். அடுத்து வரும் நெட்டேகாரத்துக்கு ஏட்டா பொருத்தமாகக் கிடைத்தது. இரண்டும் சேர்ந்து "இயே".

ஷீன் என்பது ஷகரம். கிரேக்கர் நாவில் அந்த ஒலியே இல்லை. அதற்கு மிக அருகில் இருந்த சிக்மாவை, அதாவது சகரத்தை, இட்டார்கள். சாமுவேல், சாலொமோன் ஆகிய பெயர்களும் எபிரேயத்தில் ஷகரத்தில் தொடங்கி, கிரேக்கத்தில் இப்படியே சகரமானவைதான்.

வாவ் இங்கே ஊகாரத்தைக் காட்டுகிறது. கிரேக்கத்தில் ஓமிக்ரானும் உப்சிலானும் சேர்ந்து ஊகாரமாக ஒலிக்கும்.

கடைசியில் நிற்கும் அயின், தொண்டையின் அடியிலிருந்து வரும் மெய். கிரேக்கத்தில் அதற்கு எழுத்தும் இல்லை, ஒலியும் இல்லை; ஆகவே விழுந்துவிட்டது. யேஷுவா என்பதன் ஈற்றில் நாம் கேட்கும் அகரம் தனி உயிர் அன்று. ஊகாரத்திலிருந்து தொண்டை மெய்க்கு நா தாவும்போது இடையில் எழும் ஒலி அது. அயின் போனதும் அந்த அகரத்துக்கும் வேலை இல்லாமல் போயிற்று. மிஞ்சியது "இயேசூ".

அப்படியானால் கடைசியில் உள்ள ஸ் எதற்கு?

அது கிரேக்க எழுவாய் வேற்றுமையின் உருபு. தமிழில் எழுவாய்க்கு உருபு கிடையாது. பெயர் பெயராகவே நிற்கும். கிரேக்கத்தில் ஆண்பாற்பெயர்கள் பெரும்பாலும் எழுவாயில் ஸ் பெற்று நிற்கும். யூதா அங்கே யூதாஸ் ஆவதும் இதனால்தான். எழுவாயில் இயேசூஸ், செயப்படுபொருளில் இயேசூன், மற்ற வேற்றுமைகளிலும் விளியிலும் இயேசூ. எரிகோவின் வழியருகே பர்திமேயு "தாவீதின் குமாரனே" என்று கூவி அழைத்தபோது (மாற்கு 10:47), கிரேக்கத்தில் அவன் வாயில் வருவது ஸ் இல்லாத இயேசூ என்ற வடிவமே. ஆக, ஸ் பெயரின் பகுதியே அல்ல. தமிழ் அதை விட்டுவிட்டது முறையான செயல்.

கிறிஸ்தவர்கள்தாம் இந்தக் கிரேக்க வடிவத்தை உண்டாக்கினார்களா?

இல்லை. இந்தப் பதிலை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பரப்பப்படும் தவறான செய்திகளில் பெரும்பாலானவை இங்கேதான் வழுக்கி விழுகின்றன.

கி.மு. 3-ம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதர்கள் தங்கள் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து நூல்களை, கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார்கள். செப்துவஜிந்து என்று அழைக்கப்படும் மொழிபெயர்ப்பின் தொடக்கம் அது. மோசேயின் உதவியாளனான யோசுவாவை அவர்கள் இயேசூஸ் என்று எழுதினார்கள். பெத்லகேமில் குழந்தை பிறப்பதற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஓய்வுநாளை ஆசரித்த யூதர்கள், தங்கள் வேதத்தைப் படிப்பதற்காகத் தங்கள் கையாலேயே உருவாக்கிய வடிவம் இது.

சீராக்கின் ஞானம் என்ற நூலை எழுதியவரின் பெயரும் கிரேக்கத்தில் இயேசூஸ்தான். அவருடைய பேரன் கி.மு. 132-ல் எகிப்துக்கு வந்து, தாத்தாவின் எபிரேய நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். நூனின் மகனைப் பற்றி அந்நூல் 46-ம் அதிகாரத்தில் பேசும்போது, தன் பெயருக்கு ஏற்பவே மீட்பில் பெரியவனாக விளங்கினான் என்கிறது. கிரேக்க எழுத்தில் எழுதும்போதும் எபிரேயப் பொருள் அவர்கள் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கிரேக்கத் தெய்வம் சியூஸின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்களே?

முழுக்கப் பொய். சியூஸ் என்பது சீட்டா என்ற வேறொரு எழுத்தில் தொடங்கும் பெயர். இயேசூஸில் இருப்பது சிக்மா. வேற்றுமை ஏற்கும்போது சியூஸ் "தியோஸ்", "தியா" என்று உருமாறும். இயேசூஸ் அப்படி மாறுவதே இல்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் காதுக்கு ஒன்றுபோல் படுவது கிரேக்கத்தில் ஒன்றாக இருக்கவில்லை.

இலக்கணத்தை விட்டுவிட்டு வரலாற்றைப் பாருங்கள். எருசலேம் தேவாலயத்தைச் சியூஸுக்கு உரியதாக்க அந்தியோகஸ் எப்பிபானஸ் என்ற கிரேக்க அரசன் முயன்றபோது உயிரைக் கொடுத்து எதிர்த்து நின்றவர்கள் யூதர்கள். அந்த மக்கள் யோசுவாவின் பெயரில் சியூஸை நுழைத்திருப்பார்கள் என்று சொல்வது, அந்த இரத்தசாட்சிகளுக்கே செய்யும் அநியாயம்.

கிரேக்கம் மட்டும் அறிந்தவருக்கு அந்தப் பெயரின் பொருள் விளங்கியதா?

தானாக விளங்காது. மத்தேயு 1:21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "அவருக்கு இயேசு என்று பேரிடுவாயாக, ஏனெனில் அவர் தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார்." அந்த "ஏனெனில்" எபிரேயம் அறிந்தவருக்குத்தான் பளிச்சென்று புரியும். யேஷுவா என்ற பெயரும் இரட்சிப்பார் என்ற வினையும் அங்கே ஒரே வேரில் ஒலிக்கும். கிரேக்கத்தில் "இரட்சிப்பார்" என்பதற்கு வரும் சொல் சோசெய். அதற்கும் இயேசூஸுக்கும் ஒலியில் தொடர்பு எதுவும் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், இரண்டே வசனங்கள் தள்ளி இம்மானுவேல் என்ற பெயருக்கு "தேவன் நம்மோடிருக்கிறார்" என்று விளக்கம் தரும் மத்தேயு, இயேசு என்பதற்கு மட்டும் தரவில்லை. தம் வாசகர்கள் அதன் பொருளை முன்பே அறிவார்கள் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும் என்பதே என் முடிவு. அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் ஃபிலோ, இயேசூஸ் என்றால் "கர்த்தரின் இரட்சிப்பு" என்று கிரேக்கத்திலேயே எழுதிவைத்திருப்பதும் இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கிறது.

பின்னால் வந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் தங்கள் மொழியிலும் ஒரு பொருளைக் கண்டார்கள். கிரேக்கத்தில் "இயாஸ்தாய்" என்றால் குணமாக்குதல். 4-ம் நூற்றாண்டில் எருசலேமின் ஆயராக இருந்த சிரில், எபிரேயத்தில் இப்பெயருக்கு இரட்சகர் என்றும் கிரேக்கத்தில் குணமாக்குபவர் என்றும் பொருள் என ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்குக் கற்பித்தார். சொற்பிறப்பியலாக இது நிற்காது. ஆனாலும் குருடரைத் தொட்டு நலமாக்கியவரின் பெயரில் அவர்கள் அதைக் கேட்டதை என்னால் குறைசொல்ல முடியவில்லை.

யாசோன் என்ற கிரேக்கப் பெயரும் அந்தக் குணமாக்கும் சொல்லோடு சேர்த்துப் பேசப்படுவது. கி.மு. 175-ல் பிரதான ஆசாரியப் பதவியைப் பெற்ற யாசோனுக்கு முதலில் இருந்த பெயர் இயேசூஸ் என்றும், அவரே அதைக் கிரேக்கமாக மாற்றிக்கொண்டார் என்றும் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். கிரேக்கராக வேண்டும் என்று விரும்பியவர் இயேசூஸ் என்ற பெயரைக் கைவிட வேண்டியிருந்தது! அந்தப் பெயர் அவ்வளவு யூதத்தனமாக ஒலித்திருக்கிறது.

இந்தப் பெயர் வேறு யாருக்கும் இருந்ததா?

தெருவுக்கு ஒருவர் என்று சொல்லும் அளவுக்கு இருந்தது. அக்காலத்து யூதேயாவின் கல்வெட்டுகளையும் எலும்புப் பெட்டிகளையும் நூல்களையும் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், ஆண்களின் பெயர்களில் இதற்கு ஆறாவது இடம் தருகிறார்கள். சீமோன், யோசேப்பு, எலெயாசார், யூதா, யோவான் ஆகியவை இதற்கு முன்னால். "நசரேயனாகிய இயேசு" என்று ஊரைச் சேர்த்துச் சொன்னதன் காரணமும் இதுதான். பிலாத்து சிலுவையின் மேல் எழுதி வைத்த பலகையிலும் ஊர் இருந்தது.

புதிய ஏற்பாட்டிலேயே யுஸ்து என்னப்பட்ட இயேசு என்ற பவுலின் உடன்வேலையாள் ஒருவர் இருக்கிறார் (கொலோசெயர் 4:11). சீப்புரு தீவின் மாயவித்தைக்காரன் பர்யேசுவின் பெயருக்கு "இயேசுவின் மகன்" என்று பொருள் (அப்போஸ்தலர் 13:6). மத்தேயு 27-ல் சில கையெழுத்துப் பிரதிகள் பரபாசை "இயேசு பரபாஸ்" என்றே எழுதுகின்றன. பாவி ஒருவனுக்கு அந்தப் பெயர் தகாது என்று 3-ம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் மறுத்தார். அப்படிப்பட்ட தயக்கத்தால் பிரதியெடுத்தவர்கள் நீக்கியிருக்கலாம் என்பது பல அறிஞர்களின் கருத்து. நானும் அதையே ஏற்கிறேன். இல்லாத ஒன்றைத் துணிந்து சேர்ப்பதற்கு யாருக்கு மனம் வந்திருக்கும்?

யோசேபஸின் நூல்களில் இப்பெயர் கொண்டவர்கள் ஏறக்குறைய இருபது பேர். அவர்களில் மறக்க முடியாதவர் அனனியாவின் மகன் இயேசு என்ற நாட்டுப்புறத்தார். கி.பி. 62-ல் கூடாரப் பண்டிகைக்கு எருசலேம் வந்தவர், "எருசலேமுக்கு ஐயோ" என்று கூவத் தொடங்கினார். ரோம ஆளுநர் முன் நிறுத்தி எலும்பு தெரிய அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் அதே வார்த்தைதான் பதில். ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஓயாமல் கூவியவர், முற்றுகையின்போது ரோமர் வீசிய கல் பட்டு இறந்தார்.

பலிபீடங்களில் காணும் ஐ.எச்.எஸ். என்பது என்ன?

கிரேக்க எழுத்துகள்தாம். இயோட்டா, ஏட்டா, சிக்மா ஆகிய மூன்றும் இயேசூஸ் என்பதன் சுருக்கம். பழங்காலத்தில் வேதத்தைப் பிரதியெடுத்தவர்கள் தேவன், கர்த்தர், இயேசு, கிறிஸ்து ஆகிய பெயர்களை முழுவதும் எழுதாமல், சில எழுத்துகளை மட்டும் எழுதி மேலே ஒரு கோடு இழுப்பார்கள். ஏட்டாவின் பெரிய எழுத்து ரோமானிய எச் போலவே இருப்பதால், கிரேக்கம் மறந்த மேலைநாடுகளில் அதை எச் என்று படித்து, "மனிதரின் மீட்பராகிய இயேசு" என்ற லத்தீன் விரிவைப் பின்னால் பொருத்தினார்கள். சேசு சபையினரின் முத்திரையிலும் இதுவே இருக்கிறது.

கிரேக்கத்தில் எழுத்துகளே எண்களும் ஆகும். இயோட்டா 10, ஏட்டா 8. பர்னபாவின் நிருபம் என்று வழங்கும் பழைய நூல், ஆபிரகாமின் 318 ஆட்களில் (ஆதியாகமம் 14:14) உள்ள 18-ஐ இயேசுவாகவும், தௌ என்ற எழுத்து குறிக்கும் 300-ஐச் சிலுவையாகவும் விளக்குகிறது. பெயர் முழுவதையும் கூட்டினால் 10, 8, 200, 70, 400, 200 என்று 888 வரும். இதையும் பண்டைய கிறிஸ்தவர்கள் கவனித்திருக்கிறார்கள். இவற்றின் மேல் உபதேசம் எதையும் கட்டக் கூடாது.

யோசுவாவும் இயேசுவும் ஒரே பெயர் என்பது வேதம் படிக்கும்போது எங்கே பயன்படும்?

எபிரெயர் 4-ம் அதிகாரத்தில். அங்கே 8-ம் வசனம், யோசுவா ஜனங்களை இளைப்பாறுதலுக்குள் கொண்டுபோயிருந்தால் பின்பு வேறொரு நாளைப் பற்றித் தேவன் பேசியிருக்கமாட்டார் என்கிறது. 14-ம் வசனம் தேவகுமாரனாகிய இயேசு என்னும் மகா பிரதான ஆசாரியரிடம் வருகிறது. கிரேக்கத்தில் இரண்டு இடங்களிலும் இயேசூஸ். முதல் இயேசூஸ் கானானுக்குள் நடத்தினார், ஆனால் இளைப்பாறுதல் முடிவடையவில்லை. இரண்டாம் இயேசூஸ் வானங்களின் வழியாகப் பரத்துக்குள் போனார். வாசிக்கக் கேட்ட கிரேக்க சபையாருக்கு இது காதிலேயே விழுந்திருக்கும். தமிழில் நாம் இரண்டு பெயர்களாகப் பிரித்துப் படிப்பதால் இந்த இணைப்பு நம் கைநழுவிப் போகிறது. பிரிக்காமல் விட்டாலும் ஆபத்துத்தான்: 1611-ம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 8-ம் வசனத்தில் இயேசு என்றே எழுத, இயேசு இளைப்பாறுதல் தரவில்லையா என்று வாசகர்கள் திகைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் யோசுவா என்று எழுதட்டும். போதகர் பெயரின் ஒற்றுமையைச் சொல்லிக்கொடுக்கட்டும்.

சகரியா 3-ம் அதிகாரமும் அப்படித்தான். அழுக்கு வஸ்திரம் களையப்பட்ட பிரதான ஆசாரியன் யோசுவாவைக் கிரேக்க வேதம் "இயேசூஸ் என்னும் மகா ஆசாரியர்" என்கிறது. எபிரெயர் நிருபத்தை அதன் அருகில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

கிறிஸ்து என்பதும் இப்படி ஒலிபெயர்த்த பெயரா?

இல்லை. மேசியா என்ற எபிரேயச் சொல்லுக்கு அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்று பொருள். அந்தப் பொருளைக் கிரேக்கத்தில் சொன்னால் கிறிஸ்தோஸ். யோவான் 1:41 இதை வெளிப்படையாகவே சொல்கிறது. இயேசு என்பதில் ஒலி வந்தது, கிறிஸ்து என்பதில் பொருள் வந்தது.

தமிழில் ஏன் இயேசு, ஏசு, சேசு என்று பல வடிவங்கள்?

தமிழில் யகரம் எல்லா உயிரோடும் சொல்லுக்கு முதலில் வராது. ஆகாரத்தோடு மட்டுமே வரும் என்கிறது தொல்காப்பியம். நன்னூல் அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ ஆகிய ஆறோடும் வரலாம் என்று தளர்த்தியது. இரண்டிலும் "யே" இல்லை. எனவே இகரம் முன்னால் சேர்ந்து இயேசு ஆயிற்று. யகரம் நீங்கி ஏசு என்றும் ஆயிற்று. யோசுவாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் "யோ" நன்னூலுக்கு உடன்பாடு. சேசு என்பது போர்த்துக்கீசியர் வாயிலிருந்து கடலோரக் கத்தோலிக்கருக்கு வந்த வடிவம். அவர்களுடைய ஜகரம் போன்ற ஒலி தமிழில் சகரமாகியது. "சேசு மரி சூசை" என்ற பழைய மன்றாட்டில் சூசையும் அதே வழியில் வந்தவரே. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் ஈசோ, சிரிய மொழியிலிருந்து நேராக வந்தது. தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் ஈசா நபி குர்ஆனின் அரபு வடிவம்.

ஆங்கில ஜே என்ற எழுத்தே பழைய காலத்தில் இல்லை, எனவே ஜீசஸ் பொய்ப்பெயர் என்கிறார்களே?

ஜே தனி எழுத்தாக நிலைபெற்றது அண்மைக் காலத்தில்தான். 1611-ன் ஆங்கில பைபிளும் ஐ என்ற எழுத்தில்தான் அச்சிட்டது. எழுத்து மாறினால் ஆள் மாறிவிடுவதில்லை. தமிழுக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது.

எபிரேய வடிவத்தில் ஜெபித்தால்தான் கேட்கப்படுமா?

பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முன் "நாம் இரட்சிக்கப்படும்படிக்கு" வேறொரு நாமம் கொடுக்கப்படவில்லை என்று சொன்னதை, லூக்கா இயேசூஸ் என்ற கிரேக்கப் பெயரோடுதான் நமக்கு எழுதி வைத்தார் (அப்போஸ்தலர் 4:10-12). எபிரேயனில் பிறந்த எபிரேயன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட பவுல், பிலிப்பியருக்கும் கொரிந்தியருக்கும் எழுதியபோது ஓர் இடத்திலும் யேஷுவா என்று எழுதச் சொல்லவில்லை. அப்போஸ்தலர்கள் சுமத்தாத பாரத்தை நம் பாட்டிமார்மேல் சுமத்த யாருக்கும் உரிமை இல்லை. யேஷுவா என்று ஆசையோடு அழைக்கிறவர் அழைக்கட்டும், அது அழகான பெயர். இயேசுவே என்று அழுகிறவரை மிரட்டக் கூடாது.

பிள்ளைக்கு யோசுவா, யெசுவா, யேசுதாசன் இவற்றில் எதை வைக்கலாம்?

மூன்றும் ஒரே வேரைத் தொட்டவை, எதுவும் வைக்கலாம். யோசுவா நம் ஊர் நாவுக்கு நன்றாகப் பழகிய வடிவம். யெசுவா என்று வைப்பவர்கள், பள்ளிச் சான்றிதழில் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தாசன், அடியான் என்று சேர்த்து வைக்கும் வழக்கம் நம் மண்ணின் பக்தி மரபில் வந்தது. என்னிடம் கேட்பவர்களுக்கு ஏசுவடியானைத்தான் சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் தாத்தாக்களுக்கு இருந்த அந்தப் பெயர் பேரன்களிடம் இப்போது அருகிவருகிறது.